ஹெட் கேஸ்கெட் போன பழைய கார்: தற்காலிகமாக எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்திலுள்ள பிறையில் நாங்கள் நடத்தும் சிறிய பட்டறைக்கு வரும் கார்களில் பெரும்பாலானவை இருபது வயதைத் தாண்டியவை. 1985 ஜூலையில் முதல் புரோட்டோன் சாகா வந்தது. அதன் வழியில் வந்த இஸ்வாராவும் வீராவும், 1994-இல் வந்த பெரோடுவா கஞ்சிலும் இன்றும் பட்டர்வொர்த்திலும் ஜெலுத்தோங்கிலும் வேலைக்குப் போய் வந்துகொண்டுதான் இருக்கின்றன. இவற்றின் சொந்தக்காரர்கள் கேஸ்கெட் போன அன்று கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருப்பதால், அவற்றுக்கான பதில்களை இங்கே ஓரிடத்தில் எழுதிவைக்கிறேன்.

ஹெட் கேஸ்கெட்டின் வேலை என்ன? அது ஏன் போகிறது?

எஞ்சினின் கீழ்ப்பகுதியான பிளாக்குக்கும் அதன்மேல் அமரும் ஹெட்டுக்கும் நடுவே இறுகிக் கிடக்கும் மெல்லிய தகடுதான் கேஸ்கெட். சிலிண்டருக்குள் எரியும் வாயு, எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீர், மேலேறி இறங்கும் எண்ணெய் ஆகிய மூன்றும் சில மில்லிமீட்டர் இடைவெளியில் அருகருகே இருந்தும் ஒன்றோடொன்று கலக்காமல் இருப்பது அந்தத் தகட்டினால்தான். சாகா, வீரா போன்றவற்றில் இருக்கும் மிட்சுபிஷி எஞ்சினில் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைப்போல் ஏறக்குறைய இருமடங்கு விரியும். எஞ்சின் அளவாகச் சூடாகும்போது கேஸ்கெட் இந்த வேறுபாட்டைத் தாங்கிக்கொள்ளும். ஒருமுறை தண்ணீர் வற்றிக் கொதித்துவிட்டால் ஹெட் வளைய ஆரம்பிக்கும், கேஸ்கெட்டின் மீதுள்ள பிடி தளரும்.

வயதானதால் மட்டுமே தானாகப் போன கேஸ்கெட்டை நான் குறைவாகவே பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அதற்கு முன்பே வேறு ஏதோ ஒன்று பழுதாகியிருக்கும்: ரேடியேட்டர் விசிறி நின்றிருக்கும், வாட்டர் பம்ப் கசிந்திருக்கும், ரப்பர் குழாய் வெடித்திருக்கும், அல்லது பல ஆண்டுகளாகக் கூலண்டே (குளிர்விக்கும் திரவம்) இல்லாமல் வெறும் குழாய்த் தண்ணீரை ஊற்றி உள்ளே துருப்பிடித்திருக்கும். நம் நாட்டில் பனி உறைவதில்லை, ஆகவே கூலண்ட் தேவையில்லை என்று எண்ணுபவர்கள் பலர். உறைவைத் தடுப்பது கூலண்டின் ஒரு வேலைதான். துருவைத் தடுப்பதும் கொதிநிலையை உயர்த்துவதும் அதன் மற்ற வேலைகள், நமக்கு வேண்டியவை அவைதான்.

கேஸ்கெட்தான் போயிருக்கிறது என்று எப்படி உறுதி செய்வது?

சூட்டுமுள் ஏறியதுமே கேஸ்கெட் போய்விட்டது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து போயிருந்தாலும், தெர்மோஸ்டாட் திறக்காமல் சிக்கியிருந்தாலும், விசிறியின் சுவிட்ச் வேலை செய்யாவிட்டாலும் அதே முள் அதே இடத்துக்குத்தான் ஏறும். இவை சில வெள்ளியில் (ரிங்கிட்டில்) முடியும் வேலைகள். முதலில் இவற்றைப் பார்த்துவிட்டுத்தான் ஹெட்டின் பக்கம் போக வேண்டும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய நல்ல சோதனை ஒன்று உண்டு. இரவு முழுவதும் ஆறிய எஞ்சினில், காலையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, கழுத்துவரை தண்ணீர் நிரப்பிவிட்டு, மூடாமலே எஞ்சினை ஸ்டார்ட் செய்து நீர்ப்பரப்பைக் கவனியுங்கள். முதல் சில நொடிகளில் கடுகளவு குமிழிகள் ஓரிரண்டு வருவது இயல்பு. உள்ளே மாட்டியிருந்த காற்று வெளியேறுகிறது. ஆனால் பட்டாணி அளவுக் குமிழிகள் நிற்காமல், எஞ்சினின் துடிப்போடு சேர்ந்து வந்துகொண்டிருந்தால், ஆக்ஸிலரேட்டரை இலேசாக அழுத்தியதும் தண்ணீர் வெளியே துள்ளினால், சிலிண்டரில் எரிந்த வாயு தண்ணீர்ப் பாதைக்குள் நுழைகிறது என்று பொருள். மூடியை மாட்டிய நிலையில் இன்னொரு சோதனை உண்டு: குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஒன்றிரண்டு நிமிடத்திலேயே ரேடியேட்டரின் மேல்குழாயை விரலால் அழுத்திப் பாருங்கள். தண்ணீர் இன்னும் சூடாகவே இல்லாதபோது குழாய் கல்லைப்போல் இறுகியிருந்தால், அந்த அழுத்தம் சூட்டினால் வந்ததாக இருக்க முடியாது.

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி ஒரு துணியின் மேல் வரிசையாக வைத்துப் பார்ப்பதும் பலன் தரும். மூன்று பிளக்குகள் காப்பிப்பொடி நிறத்தில் இருக்க, நான்காவது மட்டும் சோப்புப்போட்டுக் கழுவியதுபோல் வெளுத்திருந்தால், அந்தச் சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்து ஆவியாகி அதைக் கழுவிக்கொண்டிருக்கிறது. சென்ற ஆண்டு ஒரு இஸ்வாராவில் நான் கண்டது இதுதான். மற்ற எந்த அறிகுறியும் இன்னும் தெளிவாகத் தெரியாத நிலையில் அந்த ஒரு வெள்ளைப் பிளக் விஷயத்தைச் சொல்லிவிட்டது.

பட்டறையில் செய்யும் சோதனைகளில், ரேடியேட்டர் வாயில் வைக்கும் நீலத் திரவச் சோதனை நம்பகமானது; எரிந்த வாயுவிலுள்ள கார்பன் டையாக்சைடு பட்டதும் நீலம் மஞ்சளாக மாறும். கம்ப்ரஷன் அளந்து பார்க்கும்போது அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களில் மட்டும் அழுத்தம் சேர்ந்தாற்போல் குறைந்திருந்தால், கேஸ்கெட் அந்த இரண்டுக்கும் நடுவில் அறுந்திருக்க வாய்ப்பு அதிகம்.

எண்ணெய் மூடியின் அடியில் தே தாரே (பால் தேநீர்) நிறத்தில் நுரை இருக்கிறது. கேஸ்கெட் போய்விட்டதா?

அது மட்டும் போதாது. தினமும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டுமே ஓடும் காரில், எஞ்சின் முழுச் சூட்டை எட்டாததால், உள்ளே படியும் ஈரம் எண்ணெயோடு சேர்ந்து மூடியில் நுரையாக ஒட்டும். அளவு பார்க்கும் எண்ணெய்க் கம்பியை உருவிப் பாருங்கள். கம்பியிலும் அதே நிறமும் நுரையும் இருந்து, எண்ணெய் அளவும் கூடியிருந்தால் அது தண்ணீர் கலந்த எண்ணெய். காரை அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஆட்டோ கியர் காரில் கியர் எண்ணெய் இளஞ்சிவப்புப் பால்போல் மாறியிருந்தால், பழுது ரேடியேட்டருக்குள் இருக்கும் கியர் எண்ணெய்க் குளிர்விப்பானில். கேஸ்கெட்டைக் குற்றம் சொல்ல வேண்டாம்.

எந்த வகைக் கசிவுக்குத் தற்காலிக வழி உண்டு?

இந்தப் பக்கத்திலுள்ள கேள்விகளில் இதுதான் மிக முக்கியமானது. இதற்கு விடை தெரியாமல் கடைக்குப் போய்ச் சீலர் (கசிவை அடைக்கும் மருந்து) புட்டி வாங்குபவர்கள்தான் பணத்தையும் எஞ்சினையும் சேர்த்து இழக்கிறார்கள்.

கேஸ்கெட் நான்கு விதமாகக் கசியலாம். தண்ணீர் எஞ்சினின் வெளிப்பக்கம் வழிந்து, ஹெட்டும் பிளாக்கும் சேரும் கோட்டில் வெண்ணிறக் கறையாகக் காய்ந்திருப்பது முதலாவது. இதுதான் எல்லாவற்றிலும் சாதுவானது. சிலிண்டருக்கும் தண்ணீர்ப் பாதைக்கும் நடுவே சிறு வழி ஏற்பட்டு, வாயு தண்ணீருக்குள்ளும் தண்ணீர் சிலிண்டருக்குள்ளும் போவது இரண்டாவது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் புகைக்குழாயில் இனித்த வாசனையோடு வெண்புகை நீண்ட நேரம் வருவது இதன் அடையாளம். இந்த இரண்டில், கசிவு சிறியதாக இருக்கும்வரை, சீலர் ஊற்றிப் பார்ப்பதில் நியாயம் உண்டு.

தண்ணீரும் எண்ணெயும் கலப்பது மூன்றாவது. இதற்குத் தற்காலிக வழி என்று எதுவும் கிடையாது. தண்ணீர் கலந்த எண்ணெயால் பேரிங்குகளைக் காக்க முடியாது, சீலர் எண்ணெய்க்குள் போனால் நிலைமை இன்னும் மோசம். இரண்டு சிலிண்டர்களுக்கு நடுவே அறுந்து, எஞ்சின் குதித்துக் குதித்து ஓடுவது நான்காவது. அங்கே தண்ணீரே போகாததால் தண்ணீரில் கலக்கும் எந்த மருந்தும் அங்கே போய்ச் சேராது. ஹெட்டே வளைந்திருந்தால், எந்த வகையாக இருந்தாலும், புட்டி பயன்படாது.

எளிய அளவுகோல் ஒன்று: காரை நிறுத்திய இடத்திலேயே ஓடவிட்டால், பதினைந்து இருபது நிமிடம்வரை முள் சிவப்புக்குப் போகாமல் இருக்கிறதா? இருந்தால் சீலருக்கு வேலை செய்ய நேரம் கிடைக்கும். ஐந்து நிமிடத்திலேயே தண்ணீரைத் துப்பினால், மருந்து ஒட்டுமுன்பே வெளியே வந்துவிடும்.

கடையில் விற்கும் கேஸ்கெட் சீலர் உண்மையிலேயே வேலை செய்கிறதா?

சில சமயம் செய்கிறது. எல்லாமே ஏமாற்று என்று சொல்லும் போமன்களும் (மெக்கானிக்குகளும்) உண்டு, எல்லாவற்றையும் குணமாக்கும் என்று சொல்லும் கடைக்காரர்களும் உண்டு. இருவரையும் பாதி நம்பலாம்.

இவற்றில் பெரும்பாலானவற்றின் அடிப்படை சோடியம் சிலிகேட். தண்ணீரில் கரைந்திருக்கும் இது, கசிவின் வாயில் எரிந்த வாயுவின் சூட்டைச் சந்திக்கும்போது தன்னிலுள்ள நீரை இழந்து கண்ணாடிபோல் இறுகும். வேறு சில புட்டிகளில் நுண்ணிய இழைகளும் உலோகத் துகள்களும் சேர்ந்திருக்கும். கண்ணாடி இறுகுவதற்குள் அவை ஓட்டையில் போய்ச் சிக்கிக்கொள்ளும். ஓட்டை மயிரிழை அளவில் இருந்தால் இது நிற்கிறது. ஆனால் எரியும் நேரத்தில் சிலிண்டருக்குள் எழும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் முப்பது நாற்பது மடங்குக்கு மேல் போகும். ரேடியேட்டர் மூடி பிடித்துவைக்கும் அழுத்தமோ ஒரு மடங்கை ஒட்டியதுதான். அந்த அடியைத் தாங்க, கண்ணாடிப்படலத்துக்கு இருபுறமும் நல்ல உலோகம் இருக்க வேண்டும்.

இதே சோடியம் சிலிகேட் எஞ்சினைக் கொல்லவும் பயன்பட்டிருக்கிறது என்பதை எண்ணெய்க் கலப்பு உள்ளவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்க அரசு 2009-இல் பழைய கார்களைப் பணம் கொடுத்துத் திரும்பப் பெற்றபோது, அவற்றின் எஞ்சின்கள் மறுபடி சாலைக்கு வராமலிருக்க, எண்ணெயை வடித்துவிட்டு அந்த இடத்தில் சோடியம் சிலிகேட் கரைசலை ஊற்றி ஓடவிடச் சொன்னது. எஞ்சின்கள் சில நிமிடங்களில் இறுகி நின்றன. தண்ணீர்ப் பாதையில் மருந்து, எண்ணெய்ப் பாதையில் நஞ்சு.

அதைச் சரியாகப் பயன்படுத்துவது எப்படி?

முதலில் புட்டியின் பின்புறத்தை முழுதாகப் படியுங்கள். சில வகைகள் கூலண்டோடு சேரும், சில சேராது. சேராத வகையைக் கூலண்ட் இருக்கும்போதே ஊற்றினால் இரண்டும் கலந்து கூழாகி, ஓட்டையை விட்டுவிட்டு ரேடியேட்டரின் நுண்குழாய்களை அடைக்கும். அவசரத்தில் நடக்கும் தவறுகளில் இதுதான் அதிகம்.

எஞ்சின் முழுதாக ஆறியபின் பழைய தண்ணீரை வடித்து, சுத்தமான தண்ணீரால் இரண்டு மூன்று முறை அலசி, வடிநீர் தெளிவாக வரும்வரை தொடருங்கள். துரு நிறைந்த எஞ்சினில் இந்த அலசலே பாதி வேலை. தெர்மோஸ்டாட்டைக் கழற்றச் சொல்லியிருந்தால் கழற்றுங்கள். அது மூடியிருக்கும்வரை மருந்து ரேடியேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையே சரியாகச் சுற்றாது. கசியும் சிலிண்டர் எது என்று தெரிந்திருந்து, புட்டியும் அனுமதித்தால், அதன் பிளக்கைக் கழற்றி, அதன் இஞ்செக்டர் இணைப்பையும் தீப்பொறிக் கம்பியையும் பாதுகாப்பாக விலக்கிவிட்டு ஓடவிடுவது நல்லது. அழுத்தம் குறைந்த இடத்தில் படலம் இறுக அவகாசம் கிடைக்கும்.

புட்டியை நன்றாகக் குலுக்கி, எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும்போது, ரேடியேட்டரின் வாய் வழியாக மெல்லிய தாரையாக ஊற்றுங்கள். பக்கத்திலுள்ள உபரிநீர் டப்பாவில் ஊற்றினால் அது அங்கேயே தங்கிவிடும். பிறகு புட்டி சொல்லும் நேரம்வரை, பெரும்பாலும் அரைமணி முதல் ஒருமணி வரை, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் ஓடவிட்டு, முள்ளின்மேல் கண் வைத்திருங்கள். அதன்பின் இரவு முழுவதும் ஆற வேண்டும். இந்தப் பொறுமைதான் பலருக்கு இருப்பதில்லை. ஊற்றிய அரைமணியில் பினாங்குப் பாலம் ஏறிவிட்டு மறுநாள் வந்து மருந்து சரியில்லை என்கிறார்கள். முதல் புட்டி நிற்கவில்லை என்றால் இரண்டாவதை ஊற்றாதீர்கள். அப்போது அடைபடப் போவது ரேடியேட்டர்தான்.

வாஜா போன்று ஆக்ஸிஜன் சென்சாரும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் உள்ள கார்களில், சிலிண்டருக்குள் புகும் சிலிகேட் புகையோடு வெளியேறி அவற்றைக் கெடுக்கக்கூடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். கார்புரேட்டர் சாகாவுக்கு அந்தக் கவலை கிடையாது.

எவ்வளவு நாள் தாங்கும்?

நாள் சொல்லி உறுதி கொடுப்பவரை நம்பாதீர்கள். என் கையால் ஊற்றியவற்றில் ஒரு வீரா பதினோரு மாதம் ஓடியது. ஒரு கஞ்சில் மறுநாள் காலை பட்டறை வாசலிலேயே தண்ணீரைத் துப்பியது. வீரா நிலைத்ததற்குக் காரணம் மருந்தின் தரம் என்பதைவிட, அதன் சொந்தக்காரர் ஒருமுறைகூட முள்ளை நடுக்கோட்டுக்கு மேல் ஏறவிடாததுதான் என்று நினைக்கிறேன். சம்பள நாள்வரை, அல்லது வேறு கார் கைக்கு வரும்வரை என்று ஒரு தேதியை நீங்களே குறித்துக்கொண்டு ஊற்றுவதே முறை.

ஹெட் போல்ட்டுகளை மறுபடி முறுக்கினால் நின்றுவிடுமா?

பழைய எஞ்சின்களில், வெளிக்கசிவு மட்டுமே இருக்கும்போது, சில சமயம் நிற்கிறது. பழைய கேஸ்கெட் ஆண்டுக்கணக்கில் அமுங்கிப் போல்ட் தளர்ந்திருந்தால், கையேட்டிலுள்ள வரிசைப்படி, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, அளவுகாட்டும் டார்க் ரெஞ்சினால், ஆறிய எஞ்சினில் படிப்படியாக முறுக்கலாம். ஆனால் நீட்டி முறுக்கும் வகைப் போல்ட் உள்ள எஞ்சினில் இதைச் செய்யக்கூடாது. ஏற்கெனவே நீண்டுள்ள போல்ட் அறுந்தால், சின்ன வேலை பெரிய வேலையாகிவிடும். உங்கள் எஞ்சின் எந்த வகை என்று தெரியாவிட்டால் ரெஞ்சைக் கீழே வைத்துவிடுங்கள்.

ரேடியேட்டர் மூடியைத் தளர்த்தி ஓட்டலாம் என்கிறார்களே?

அதில் பாதி உண்மை இருக்கிறது. மூடியை முதல் பிடிவரை தளர்த்தினால், உள்ளே புகும் எரிந்த வாயு வெளியேற வழி கிடைத்து, குழாய் வெடிக்காமலும் தண்ணீர் சிலிண்டருக்குள் தள்ளப்படாமலும் இருக்கும். ஆனால் 0.9 என்று (அழுத்த அளவு) அச்சிட்ட மூடி சரியாக இருக்கும்போது வெறும் தண்ணீர் சுமார் 118 டிகிரியில்தான் கொதிக்கும். மூடி தளர்ந்தால் 100-இலேயே கொதித்துவிடும். ஆகவே, காலை வேளையில், நெரிசல் இல்லாத சமதளச் சாலையில், பட்டறைவரை சில கிலோமீட்டர் போவதற்கு மட்டும் இது உதவும். தளர்த்துவதும் குளிர்ந்த நிலையில்தான் இருக்க வேண்டும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்பது நம் பட்டறைகளில் வேரூன்றிய நம்பிக்கை. சிக்கிப்போன தெர்மோஸ்டாட்டாக இருந்தால் பட்டறை போகும்வரை உதவும். கேஸ்கெட் கசிவுக்கு அது எந்த மருந்தும் இல்லை.

மஞ்சள்தூள், மிளகுத்தூள், முட்டை வெள்ளைக்கரு?

எஸ்டேட் காலத்து லோரி ஓட்டுநர்களிடமிருந்து வந்த வழி என்று என் மாமா சொல்வார். ரேடியேட்டரில் ஊசிமுனை ஓட்டை இருந்தால், தூள் அங்கே ஊறி அடைத்து, அடுத்த ஊர்வரை கொண்டுபோய்ச் சேர்க்கும். ஹெட் கேஸ்கெட்டின் சூட்டையும் அழுத்தத்தையும் இவை தாங்காது. பிறகு ஹெட்டைத் திறக்கும்போது தண்ணீர்ப் பாதையெங்கும் வேகவைத்த முட்டையைச் சுரண்டிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். அந்த வாசனையை நான் மறக்கவில்லை. அடுப்பங்கரைப் பொருள்கள் அடுப்பங்கரையிலேயே இருக்கட்டும்.

பினாங்குப் பாலத்தின் நடுவில் முள் ஏறுகிறது. என்ன செய்வது?

ஏர்கோனை உடனே அணையுங்கள், வேகத்தைக் குறையுங்கள், அபாய விளக்கைப் போட்டு, இடது ஓரத்தில் பாதுகாப்பான இடம் வந்ததும் நிறுத்துங்கள். ஹீட்டரை முழுதாகத் திறந்துவிடுங்கள் என்று குளிர்நாட்டவர்கள் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, அந்தக் குமிழைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். நம் நாட்டில் விற்ற பழைய கார்களில் பெரும்பாலானவற்றில் ஹீட்டரே பொருத்தப்படவில்லை. முள் சிவப்பைத் தொட்டுவிட்டால் எஞ்சினை நிறுத்துவதைத் தவிர வேறு வழியில்லை. பாலம் 13.5 கிலோமீட்டர் நீளம். "இன்னும் கொஞ்சம்தானே, டோல்வரை போய்விடலாம்" என்று ஓட்டும் அந்தக் கடைசி நான்கு கிலோமீட்டர்தான், கேஸ்கெட்டோடு முடிந்திருக்க வேண்டிய செலவை ஹெட்டுக்கும் கொண்டுபோகிறது.

வெளியே வந்து, தடுப்புக்கு அப்பால் நின்று, நெடுஞ்சாலையை நடத்தும் பிளஸ் நிறுவனத்தின் 1800-88-0000 எண்ணை அழையுங்கள். சூடான மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தத்தில் இருந்த தண்ணீர் திறந்த நொடியில் ஆவியாகி முகத்தில் பாயும். மேல்குழாய் விரலுக்கு மெத்தென்று ஆகும்வரை, குறைந்தது முக்கால் மணிநேரம் காத்திருங்கள். வறண்டு கொதிக்கும் எஞ்சினில் பச்சைத் தண்ணீரைச் சட்டென்று ஊற்றினால் ஹெட் விரிசல் விடும்.

தைப்பூசத்துக்குக் கோலாலம்பூர் போக வேண்டும். சீலர் ஊற்றிய காரில் போகலாமா?

போகாதீர்கள். ஒருவழிக்கு ஏறக்குறைய 350 கிலோமீட்டர். கோலகங்சாருக்கும் ஈப்போவுக்கும் நடுவில் மெனோரா சுரங்கப்பாதையை ஒட்டிய நீண்ட மேடு, எல்லாம் கடந்து போய்ச் சேர்ந்தால் பத்துமலைச் சாலையில் ஊர்ந்து நகரும் நெரிசல். பலவீனமான கேஸ்கெட்டுக்கு மேடும் நெரிசலும்தான் எதிரிகள். அந்தப் பயணத்தில் இரண்டும் உண்டு. பஸ்ஸோ ரயிலோ ஏறுங்கள்.

காலையில் ஸ்டார்ட்டர் "டக்" என்று நின்றுவிட்டது. பேட்டரியா?

கேஸ்கெட் கசிவது தெரிந்திருந்தால், இன்னொரு முறை சாவியைத் திருப்பாதீர்கள். இரவில் தண்ணீர் ஒரு சிலிண்டருக்குள் வடிந்து தேங்கியிருக்கலாம். தண்ணீர் அமுங்காது, வற்புறுத்தித் தள்ளினால் கனெக்டிங் ராட் வளையும். எல்லாப் பிளக்குகளையும் கழற்றிவிட்டு, தீப்பொறி இணைப்பைத் துண்டித்து, பிளக் துளைகளுக்கு நேரே முகத்தை வைக்காமல், ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். பீய்ச்சிக்கொண்டு தண்ணீர் வந்தால், தற்காலிக வழிகளுக்கான காலம் முடிந்துவிட்டது.

சீலர் ஊற்றிய காரை அப்படியே விற்றுவிடலாமா?

வாங்குபவரிடம் சொல்லி விற்கலாம். உரிமை மாற்றத்துக்கான புஸ்பாகோம் (வாகனச் சோதனை நிறுவனம்) சோதனை எஞ்சின் எண்ணையும் சட்டக எண்ணையும் சரிபார்க்கும். யாரும் ஹெட்டைத் திறந்து பார்ப்பதில்லை. அதனால்தான் சொல்ல வேண்டியது உங்கள் பொறுப்பாகிறது. வாங்குபவராக நீங்கள் இருந்தால், எஞ்சின் ஆறியிருக்கும்போது போய், ரேடியேட்டர் மூடியின் அடியில் விரலைத் தடவிப் பாருங்கள். செம்பு நிறத் துகள்களோ, கண்ணாடித் தூள்போன்ற மினுமினுப்போ ஒட்டினால், விலை பேசுவதற்கு முன் கேள்வி கேளுங்கள்.

டாப் ஓவர்ஹால் (ஹெட்டைக் கழற்றிச் சரிசெய்யும் வேலை) செய்யும்போது போமனிடம் எதை வற்புறுத்திக் கேட்க வேண்டும்?

கேஸ்கெட்டின் விலை மொத்தச் செலவில் சிறிய பங்குதான். கழற்றி மாட்டும் கூலியும் ஹெட்டை மெஷின் ஷாப்பில் சீவும் செலவுமே பெரியவை. ஆகவே, "சீவ வேண்டாம், கேஸ்கெட்டை மட்டும் மாற்றினால் போதும்" என்று கூலியைக் குறைத்துச் சொல்பவரிடம் கொடுக்காதீர்கள். நேர்க்கோலை ஹெட்டின்மேல் குறுக்கும் நெடுக்கும் மூலைவாட்டிலும் வைத்து, அடியில் தகட்டளவுகோலைச் செருகி, வளைவை உங்கள் கண்முன்னே அளந்து காட்டச் சொல்லுங்கள். 0.1 மில்லிமீட்டர் என்பது கண்ணுக்குத் தெரியாத இடைவெளி, ஆனால் கேஸ்கெட்டுக்கு அது கவலைக்குரிய இடைவெளி. ஹெட்டில் விரிசல் இருக்கிறதா என்று அழுத்தச் சோதனையும் செய்யச் சொல்லுங்கள். ஹெட்டைக் கழற்ற டைமிங் பெல்ட்டையும் கழற்றியாக வேண்டும். பெல்ட்டையும் வாட்டர் பம்பையும் அப்போதே மாற்றிவிட்டால் இரண்டாவது கூலி மிச்சம். முதன்முதலில் எஞ்சினைக் கொதிக்கவைத்த காரணம் எது என்று கேட்டு, அதைச் சரிசெய்யாமல் காரைத் திரும்ப எடுக்காதீர்கள். இல்லாவிட்டால் புதிய கேஸ்கெட்டும் அதே வழியில் போகும்.

முன்பு சீலர் ஊற்றியிருந்தால் அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. தெரிந்தால்தான் அவர் ரேடியேட்டரைக் கழற்றி அலசி, தெர்மோஸ்டாட்டைப் புதிதாக மாட்டி, பிளாக்கின் தண்ணீர்த் துளைகளில் படிந்ததைச் சுரண்டி எடுப்பார்.

வடித்த பழைய கூலண்டை என்ன செய்வது?

லோங்காங்கில் (சாக்கடையில்) ஊற்றாதீர்கள். கூலண்டிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கும். கொஞ்சம் போனாலே சிறுநீரகம் கெட்டுச் செத்துப்போகும். மூடியுள்ள பழைய எண்ணெய்த் தோம்பில் ஊற்றி, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைத்து, பழைய எண்ணெயும் கழிவுகளும் சேகரிக்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். எண்ணெயோடு கலக்காமல் தனித்தோம்பில் கொண்டுவந்தால், எங்களைப் போன்றவர்கள் மறுக்காமல் வாங்கிக்கொள்வோம்.